ஒரு கிழங்கிலிருந்து ஒரு பாத்தி லில்லி

வெங்காயத்தின் மேல் சருகு மாதிரி ஒரு தோல் இருக்கும். லில்லிக் கிழங்குக்கு அந்தத் தோல் கிடையாது. சதைப்பிடிப்பான வெள்ளை அல்லது மஞ்சள் செதில்கள் தாமரை மொட்டின் இதழ்களைப் போல அடுக்கடுக்காக நெருங்கி, கீழே ஒரு சின்ன அடித்தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். லில்லியைப் பெருக்குவதில் உள்ள வசதியும் சிரமமும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. உணவு சேர்ந்திருக்கும் ஒவ்வொரு செதிலும் தனியாகப் பிய்த்தாலும் புதுச் செடியைத் தரக்கூடியது. மேல்தோல் இல்லாததால் அதே கிழங்கு வெளியில் கிடந்தால் வாடிவிடும், ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும், கை தவறி விழுந்தாலும் காயப்படும். கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் வாடவும் விடாமல் அழுகவும் விடாமல் நடுவில் பிடித்து வைக்கிற வேலைதான்.

முதலில் கையில் இருப்பது எந்த லில்லி என்று தெரிந்துகொள்ளுங்கள். பேரில் லில்லி இருக்கும் செடிகள் பல. இந்தக் கட்டுரை லிலியம் பேரினத்தைப் பற்றியது: ஆசியாட்டிக், ஓரியண்டல், எல்.ஏ. (ஈஸ்டர் லில்லியும் ஆசியாட்டிக்கும் கலந்தது), ஓ.டி. (ஓரியண்டலும் எக்காள வகையும் கலந்தது) கலப்பினங்கள், வெள்ளை எக்காளப் பூ பூக்கும் ஈஸ்டர் லில்லி, புலி லில்லி, ஃபார்மோசா லில்லி ஆகியவை. தரையிலிருந்து ஒரே தண்டு நிமிர்ந்து எழும், அந்தத் தண்டு முழுக்க இலை இருக்கும், உச்சியில் பூ வரும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது லிலியம்.

மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் போன்றவற்றுக்கு இலை தரையிலிருந்தே பட்டை பட்டையாகக் கிளம்பும், கிழங்குக்கு வெங்காயத்தைப் போல மேல்தோல் இருக்கும். அவற்றில் ஒரு செதிலை மட்டும் உரித்து வைத்தால் ஒன்றும் வராது. அடித்தட்டின் ஒரு துண்டும் சேர்ந்து வந்தால்தான் முளைக்கும். செங்காந்தள் கிழங்குக்கு முளைக்கண் அதன் கிளையின் நுனியில்தான் இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தத் துண்டு வீண். பீஸ் லில்லியையும் டே லில்லியையும் தூரைப் பிரித்து நட்டாலே போதும்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் லிலியம் வளர்ப்பதைத் தவிர்த்துவிடுவது நல்லது. இலை, பூ, மகரந்தம், பூச்சாடியில் வைத்த தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவதே ஆபத்து. பூனை கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

பெருக்கல் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆனால் அது தோற்றதே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். செதில், குட்டிக் கிழங்கு, தண்டில் வரும் மணி எதை எடுத்தாலும் தாயிடம் வைரஸ் இருந்தால் பிள்ளைகள் அத்தனைக்கும் அது போய்ச் சேரும். எனவே செடி பூத்திருக்கும்போதே தேர்ந்தெடுத்து அடையாளக் குச்சி நட்டுவிடுங்கள். கிழங்கைத் தோண்டும் பருவத்தில் இலை காய்ந்து போயிருக்கும், எது நல்ல செடி என்று அப்போது சொல்ல முடியாது.

இலையில் வெளிர்பச்சைக் கோடுகளோ திட்டுகளோ இருந்தால், இலை முறுக்கிக்கொண்டு வந்தால், பூவின் நிறம் உடைந்து தீற்றல் தீற்றலாகத் தெரிந்தால், பக்கத்துச் செடிகள் வளர்ந்திருக்க இது மட்டும் குட்டையாக நின்றால் அந்தச் செடியைத் தொட வேண்டாம். பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வைரஸைப் பரப்புவது அசுவினி. புலி லில்லிக்கு இன்னொரு குணம் உண்டு. தனக்குள் வைரஸ் இருந்தும் வெளியே ஒன்றும் காட்டாமல் செழிப்பாக நிற்கும், அதிலிருந்து அசுவினி மற்ற லில்லிகளுக்குக் கொண்டுபோகும். அதனால் புலி லில்லியை மற்றவற்றோடு ஒரே பாத்தியில் வைக்காமல் தோட்டத்தின் மறுகோடியில் வைப்பதே சரி.

கிழங்கைத் தோண்டிய பிறகு அடித்தட்டைப் பாருங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். சாக்லேட் நிறத்தில் பழுப்பேறி, செதில்கள் லேசாகத் தொட்டதும் கழன்று விழுந்தால் அது ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். அப்படிப்பட்ட கிழங்கில் வெளிச்செதில்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் பிழைக்கட்டும் என்று எடுத்து வைக்காதீர்கள். பைக்குள் இருக்கும் மற்றச் செதில்களையும் அது கெடுத்துவிடும்.

செதில் வழி

வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு நல்ல கிழங்கிலிருந்து பதினைந்து இருபது செதில் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று குட்டிக் கிழங்கு தரும். தாய்க் கிழங்கும் பிழைத்து மறுபருவம் பூக்கும்.

பூ முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, இலை மஞ்சளாகத் தொடங்கும்போது எடுப்பது நல்லது. கிழங்கில் அப்போதுதான் உணவு நிறைந்திருக்கும். பூப்பதற்கு முன் எடுத்தால் செதில் மெலிந்திருக்கும், குட்டியும் சிறியதாகவே வரும். கடையில் புதிதாக வாங்கிய கிழங்கை நடுவதற்கு முன்னாலும் நான்கைந்து செதில் எடுத்துக்கொள்ளலாம்.

முள்கரண்டியால் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோண்டி, கிழங்கை வேரோடு எடுங்கள். மண்ணைத் தண்ணீரில் அலசுங்கள். வெளிச் சுற்றில் காய்ந்த, கறுத்த செதில்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு கெட்டியான செதில் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் வெளிப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் அழுத்தினால் அடித்தட்டுக்கு ஒட்டினாற்போல் 'டக்'கென்று ஒடியும். எவ்வளவு அடியில் ஒடிகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் குட்டி உருவாவது அந்த ஒடிந்த விளிம்பில், செதிலின் உள்பக்கத்தில்தான். நடுவில் முறிந்த செதிலும் வீணாகாது, ஆனால் மேல்பாதித் துண்டு தரும் குட்டிகள் எண்ணிக்கையில் குறைவாகவும் நோஞ்சானாகவும் இருக்கும்.

வெளிச் சுற்றும் அதற்கடுத்த சுற்றும் போதும். தாய்க் கிழங்கில் பாதிக்குக் குறையாமல் மிச்சம் வையுங்கள். உள்ளே போகப் போகச் செதில் சிறுத்துவிடும், குட்டியும் குறையும். தாய்க்கு ஏற்படும் நஷ்டமோ கூடும். எடுத்த பிறகு தாயைச் சிறிது நேரம் நிழலில் காயவிட்டு உடனே பழைய ஆழத்திலேயே நட்டுவிடுங்கள். கிழங்கை முழுதாகத் தோண்ட மனமில்லை என்றால் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விலக்கி, நான்கைந்து செதிலை ஒடித்துவிட்டு மண்ணை மூடிவிடலாம். பூக்கிற செடிக்கு அது நடந்ததே தெரியாது.

எடுத்த செதில்களைப் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். கேப்டான் போல உங்கள் பகுதியில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஒன்றை, பொட்டலத்தில் உள்ள அளவுப்படியே கரைக்க வேண்டும். கையுறை கட்டாயம். மருந்து வேண்டாம் என்பவர்கள் ஒரு பங்கு சாதாரண வீட்டு பிளீச்சிங் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, அதில் பத்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசலாம். இரண்டில் எது செய்தாலும் பிறகு செய்தித்தாளில் பரப்பி நிழலில் சில மணி நேரம் உலரவிடுங்கள். மேற்பரப்பில் தண்ணீர் மினுமினுக்கக் கூடாது, ஒடித்த வாய் லேசாகக் காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். அதிகம் பேர் தவறு செய்வது இதில்தான். வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த, ஈரம் பிடிக்கும் கனிமம்), அல்லது கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (பொரித்த வெள்ளைக் கனிமக் குருணை) சமபாகம் கலந்தது, எதுவானாலும் சரி. கோகோபீட்டாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றி, பிழிந்து, உதிரியாக உலர்த்திக்கொள்ளுங்கள். முற்றிலும் காய்ந்த பொருள் நான்கு கப்புக்கு ஒரு கப் தண்ணீர் என்பது தொடக்கக் கணக்கு. கைநிறைய அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டை ஒரு கணம் நின்று உதிர வேண்டும். அதற்கு மேல் ஈரமாகத் தெரிந்தால் காய்ந்த பொருளைச் சேருங்கள். செதிலிலேயே போதிய நீர் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் ஈரம் அது வற்றாமல் காக்கத்தான்.

ஜிப் பையில் ஒரு கை கலவை, ஒரு அடுக்கு செதில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். செதில்கள் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொண்டால் ஒன்று அழுகினாலும் அடுத்ததுக்குப் பரவாது. பைக்குள் கொஞ்சம் காற்று நிற்கும்படி மூடி, மேல்பகுதியில் ஊசியால் நான்கைந்து துளை இடுங்கள். வகையின் பெயரும் தேதியும் பையில் எழுதுங்கள். ஒரு குட்டிக் கிழங்குக்கும் இன்னொன்றுக்கும் பார்வையில் வித்தியாசமே இருக்காது, பெயர் எழுதாத பை இரண்டு வருடத்துக்குப் புதிர்தான்.

இருபது முதல் இருபத்து நான்கு டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இருட்டில், அலமாரிக்குள் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வெப்பம் முப்பதை நெருங்கினால் அழுகல் முந்திக்கொள்ளும். வாரம் ஒரு முறை பையைத் திறந்து பாருங்கள். பழுப்பேறிக் கொழகொழவென்று ஆன செதிலைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்த்து எடுத்தெறியுங்கள். செதில் கெட்டியாக இருந்து, மேலே மட்டும் நீலப்பச்சைப் பூசணம் தெரிந்தால் பதற வேண்டாம். துடைத்துவிட்டு, பையைச் சில மணி நேரம் திறந்து வைத்தால் போதும். பையின் உள்சுவரில் நீர்த்துளிகள் கோத்து வழிந்தால் ஈரம் அதிகம்.

மூன்று நான்கு வாரத்தில் ஒடிந்த விளிம்பு தடித்து, அதில் அரிசி அளவில் வெள்ளை முண்டு தெரியும். ஆசியாட்டிக் வகைகளுக்கும் ஈஸ்டர் லில்லிக்கும் ஆறு முதல் எட்டு வாரத்தில் பட்டாணி அளவுக் குட்டியும் ஒன்றிரண்டு வேரும் வந்துவிடும். ஓரியண்டலுக்குப் பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். குட்டி பருக்கும்போது தாய்ச் செதில் சுருங்கி மெலிவதைப் பார்த்து அழுகல் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது தன் உணவைக் குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. செதிலிலிருந்து குட்டியைப் பிரிக்கவும் வேண்டாம், அப்படியே சேர்த்து நடுங்கள். கடைசிச் சொட்டு உணவையும் குட்டி எடுத்துக்கொள்ளும்.

பை வேண்டாம் என்றால் தட்டிலும் செய்யலாம். பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் அதே கலவையை நிரப்பி, செதிலின் ஒடிந்த முனை கீழே இருக்கும்படி பாதி உயரம் புதைத்து, கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ கொண்டு மூடுங்கள். பையில் தெரிவதுபோல் இதில் உள்ளே நடப்பது தெரியாது, ஈரத்தைச் சமமாக வைப்பதும் கடினம்.

குளிர் எதற்கு

குட்டி வந்ததும் மண்ணில் நட்டு, மாதக்கணக்கில் இலை வராமல் கைவிட்டவர்கள் நிறைய. லில்லிகள் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள இடங்களிலிருந்து வந்தவை. வெதுவெதுப்பில் உருவான குட்டி உறக்கத்தில் இருக்கும், ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்று உணர்ந்தால்தான் எழும். உங்கள் ஊரில் குளிர் போதாது என்றால் ஃப்ரிட்ஜ் அந்த வேலையைச் செய்யும்.

குட்டிகள் இருக்கும் பையை அப்படியே இரண்டு முதல் ஐந்து டிகிரியில் வையுங்கள். ஆசியாட்டிக், ஈஸ்டர் லில்லி ஆகியவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம், ஓரியண்டலுக்கும் மார்ட்டகான் என்ற லில்லி வகைக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். உறைபெட்டியின் அருகே வைக்கக் கூடாது. உறைந்த குட்டி வெளியே வந்ததும் கண்ணாடி போலாகிக் கூழாகும். ஆப்பிள், வாழை போன்ற பழுக்கும் பழங்கள் இருக்கும் அறையிலும் வைக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு முளையையும், பெரிய கிழங்காக இருந்தால் உள்ளே உருவாகும் பூமொட்டையும் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈரம் பாருங்கள்.

சொன்ன வாரங்களுக்கு முன்பே வெள்ளை முளை நீளத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம், எடுத்து நட்டுவிடுங்கள். மாறாக, நட்டு எட்டு வாரமாகியும் இலை வராத குட்டியைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகிவிடும். திரும்பவும் பைக்குள் போட்டு இன்னொரு ஆறு வாரம் குளிரில் வையுங்கள்.

தண்டடிக் குட்டிகள்

பெரும்பாலான லில்லிகள் கிழங்குக்குக் கீழே மட்டுமல்ல, கிழங்குக்கும் மண்மட்டத்துக்கும் நடுவில் உள்ள தண்டிலும் வேர் விடும். அந்த வேர்களுக்கு இடையில் தண்டை ஒட்டிக் குட்டிக் கிழங்குகள் தாமாகவே உருவாகும். ஒன்றும் செய்யாமல் கிடைக்கும் லாபம் இது. இலை மஞ்சளானதும் மேல்மண்ணை விலக்கி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் அதிகம் வேண்டுமானால் கிழங்கின் தலைக்கு மேல் பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் மண் இருக்கும்படி ஆழமாக நட்டு, மேலே ஐந்து சென்டிமீட்டர் மக்கிய இலை மூடாக்குப் போடுங்கள். புதைந்த தண்டின் நீளம் கூடினால் குட்டியும் கூடும். மூடாக்கு அந்த மண்ணைக் காயாமல் வைக்கும். பெருக்குவதுதான் நோக்கம் என்றால் மொட்டுகள் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள், பூவுக்குப் போகும் உணவு கீழே இறங்கும். மடோனா லில்லி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதற்குத் தண்டுவேர் கிடையாது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணே மேலே இருக்க வேண்டும்.

புலி லில்லியின் கருமணிகள்

புலி லில்லியின் இலைக் கக்கங்களில் மிளகு முதல் பட்டாணி வரை அளவுள்ள, கறுப்பும் ஊதாவும் கலந்த பளபளப்பான மணிகள் உட்கார்ந்திருக்கும். விதை என்று பலர் நினைப்பார்கள். அது விதையில்லை, தண்டிலேயே உருவான குட்டிக் கிழங்கு. பரவலாக வளர்க்கப்படும் புலி லில்லி மும்மடியம், அதாவது 24 குரோமோசோமுக்குப் பதில் 36 உள்ளது. அதனால் விதை பிடிக்காது, இந்த மணிகளால்தான் பரவுகிறது. சில ஆசியாட்டிக் கலப்பினங்களிலும் மணி வரும். பொதுவாக மணி விடாத சிலவற்றிலும் மொட்டுகளைக் கிள்ளினால் வரக்கூடும்.

பூ உதிர்ந்து மூன்று நான்கு வாரம் கழித்து, விரல் பட்டதும் கழன்று வரும் நிலையில் எடுங்கள். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் முற்றவில்லை. சில மணிகள் தண்டில் இருக்கும்போதே வெள்ளை வேர் விட்டிருக்கும், அவைதான் முதல்தரம். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். தாமதித்தால் தாமாகவே கீழே விழுந்து பாத்தி முழுக்க முளைக்கும்.

தூர் பிரித்தல்

மூன்று நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்ற லில்லி பல மெல்லிய தண்டுகளாக எழுந்து பூ குறைந்தால் கிழங்குகள் நெருக்கியடிக்கின்றன என்று பொருள். இலை காய்ந்ததும் தோண்டி, இரு கையாலும் பிடித்து லேசாகத் திருகினால் பிரியும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடித்தட்டு இருக்க வேண்டும். பிரியாததைக் கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க வேண்டாம். கிழங்கடி வேர்களை ஒட்ட நறுக்குவது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். அந்த வேர்கள் மறுபருவமும் வேலை செய்யும். லில்லிக் கிழங்கு முழு உறக்கத்துக்கு என்றுமே போவதில்லை, எனவே தோண்டிய அன்றே நடுவது நல்லது. முடியாவிட்டால் ஈரக் கோகோபீட்டில் புதைத்துக் குளிரில் வையுங்கள்.

விதையிலிருந்து

விதைக்கு இரண்டு சிறப்பு உண்டு. வைரஸ் தாயிடமிருந்து விதை வழியாகப் பொதுவாகக் கடத்தப்படுவதில்லை. நோய் பிடித்த ஓர் இனத்தை மீட்க எளிய வழி விதைதான். மற்றது, கலப்பினங்களின் விதையில் ஒவ்வொரு நாற்றும் புதிது, தாயைப் போலப் பூக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாயின் நகல்தான் வேண்டும் என்றால் செதிலுக்குப் போங்கள்.

பல லில்லிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே பெயரில் வாங்கிய பத்துக் கிழங்கும் உண்மையில் ஒரே செடியின் நகல்கள், ஆகவே அவற்றுக்குள் எவ்வளவு மகரந்தம் தடவினாலும் காய் பிடிக்காது. வேறொரு வகை வேண்டும். ஃபார்மோசா லில்லி தானே காய்த்துக்கொள்ளும். கையால் செய்வதென்றால், பூ திறக்கும் நாளன்று மகரந்தப்பைகள் வெடிப்பதற்கு முன் கிள்ளிவிடுங்கள். சூல்முடியில் பிசுபிசுப்பான திரவம் மினுங்கும்போது மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவி, சிறு அலுமினியத் தாளால் தொப்பி போட்டு மூடுங்கள். பெற்றோர் இருவர் பெயரையும் காம்பில் கட்டுங்கள்.

காய் முற்ற இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். பச்சை மாறிப் பழுப்பேறி, நுனி விரியத் தொடங்கும்போது வெட்டிக் காகிதப் பையில் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே மூன்று அறைகளில் தட்டையான விதைகள் நாணயம் அடுக்கியது போல இருக்கும். எல்லாம் விதையல்ல. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு மெல்லிய கருங்கோடு தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் காகிதம் போல் தெரிந்தால் பதர்.

விதைப்பதற்கு முன் அந்த வகை எப்படி முளைக்கும் என்று அறிந்துகொள்வது மிக முக்கியம். ஈஸ்டர், ஃபார்மோசா, ரீகல், எக்காள வகைகள், பெரும்பாலான ஆசியாட்டிக்குகள் ஆகியவை உடனே முளைப்பவை. பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பரப்பி, அரை சென்டிமீட்டர் கலவையால் மூடி, பதினெட்டு முதல் இருபத்திரண்டு டிகிரியில் வைத்தால் இரண்டு முதல் ஆறு வாரத்தில் வெங்காய நாற்று மாதிரி வளைந்த இழை எழும். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

ஓரியண்டல், மார்ட்டகான், கனடா லில்லி முதலியவை மண்ணுக்குள்ளேயே முளைத்துக் குட்டிக் கிழங்கு கட்டும், இலையை வெளியே காட்டாது. இவற்றுக்கு ஈர வெர்மிகுலைட் போட்ட ஜிப் பை சரி. இருபது டிகிரியில் மூன்று மாதம் வைத்தால் அரிசி அளவுக் கிழங்குகள் தெரியும். பிறகு நான்கு டிகிரியில் இரண்டு மூன்று மாதம். அதன்பின் தொட்டிக்கு மாற்றினால் முதல் இலை வரும். தொட்டியில் நேராக விதைத்து, மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை என்று கொட்டிவிடுபவர்கள், முளைத்து உயிரோடு இருக்கும் கிழங்குகளைக் கொட்டுகிறார்கள்.

ரீகல் லில்லியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ள ஒன்று உண்டு. சீனாவின் சிச்சுவானில் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1910இல் இதன் கிழங்குகளைச் சேகரித்துத் திரும்பும் வழியில் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர சேகரிப்பாளர் கற்சரிவில் சிக்கிக் கால் முறிந்தார். வாழ்நாள் முழுவதும் நொண்டிக்கொண்டே நடந்தார். அப்படி வந்து சேர்ந்த செடி, இன்று ஒரு காய் விதையில் பாத்தி நிறையக் கிடைக்கிறது.

நட்டபின் இரண்டு வருடம்

குட்டிகளுக்குத் தோட்ட மண், பருமணல் அல்லது பெர்லைட், மக்கிய இலை அல்லது கோகோபீட் மூன்றும் சமபாகம். புதுச் சாணம் கூடவே கூடாது, அழுகலை அழைத்து வரும். மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6 முதல் 6.5 வரை பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். ஓரியண்டல்கள் இன்னும் கொஞ்சம் அமிலத்தை விரும்பும், சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்துவிடும். பதினைந்து சென்டிமீட்டர் தொட்டிக்கு ஐந்து குட்டி, தலைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் மண். ஆழம் போதவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். லில்லிக்குச் சுருங்கும் வேர்கள் உண்டு, அவை கிழங்கைத் தாமே தேவையான ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

முதல் வருடம் சில இலைகள்தான் வரும். தண்டு எழாது. இது இயல்பு. அந்த இலை எத்தனை மாதம் பச்சையாக நிற்கிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு பருக்கும், ஆகவே முதல் வருட வேலை முழுவதும் அந்த இலையைக் காப்பதுதான். காலை வெயில், மதியம் நிழல். விரலை மூன்று சென்டிமீட்டர் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காலையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் பொட்ரைடிஸ் பூஞ்சை பழுப்பு நிற முட்டை வடிவப் புள்ளிகளாகத் தொடங்கி ஒரே வாரத்தில் இலையைக் கருக்கிவிடும். மூன்றாவது இலை வந்த பிறகு, சமச்சீர் திரவ உரத்தைப் பொட்டலம் சொல்லும் அளவில் பாதியாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். தழைச்சத்தைக் கூட்டினால் இலை மெத்தென்று வளரும், நோயும் சுலபமாகப் பிடிக்கும்.

தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மண்ணில் அவற்றின் புழுக்கள் இளம் வேரைத் தின்றுகொண்டிருக்கும். மேலே ஒரு சென்டிமீட்டர் பருமணல் பரப்பி, தண்ணீரைக் குறைத்தால் அடங்கும். எலி தொல்லை உள்ள இடத்தில் பாத்தியின் அடியிலும் பக்கத்திலும் கம்பி வலை போடாமல் நடவே வேண்டாம், லில்லிக் கிழங்கை எலி விரும்பித் தின்னும்.

இலை தானாகக் காய்ந்த பிறகு தண்ணீரைக் குறையுங்கள், முற்றிலும் நிறுத்த வேண்டாம். குளிர் இல்லாத இடத்தில் குட்டிகளைத் தோண்டி மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும், அதே வாரக் கணக்கு. இரண்டாம் வருடம் இலையோடு சிறு தண்டு எழும், அப்போது ஒவ்வொன்றையும் தனித் தொட்டிக்கோ பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் பாத்திக்கோ மாற்றலாம். சுற்றளவு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரை எட்டிய கிழங்கு ஆசியாட்டிக்கிலும் ஈஸ்டர் லில்லியிலும் பூக்கத் தயார். ஓரியண்டலுக்குப் பதினான்கு வேண்டும். காலக்கணக்கில் சொன்னால், பிரித்த தூர் மறுபருவமே பூக்கும். தண்டடிக் குட்டியும் கருமணியும் செதிலும் இரண்டு மூன்று வருடம். ஃபார்மோசா விதை ஒரு வருடத்துக்குள்ளேயே பூத்துவிடும். ஓரியண்டல், மார்ட்டகான் விதைகளுக்கு நான்கு முதல் ஏழு வருடம்வரை பொறுத்திருக்க வேண்டும்.

முதல் பூ வரும் பருவத்தில் இரண்டு வேலை. ஒன்று, நிறமும் இலையும் தாயைப் போலச் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, தீற்றலோ முறுக்கலோ தெரிந்த செடியை அன்றே அகற்றுவது. மற்றது, நல்ல செடியிலும் ஒரு மொட்டை மட்டும் மலரவிட்டு மீதியைக் கிள்ளுவது. பூவைப் பறிக்க ஆசைப்பட்டால் தண்டின் உச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மீதி இலைகள்தான் அடுத்த வருடத்துக் கிழங்கைக் கட்டப்போகின்றன.